பொதுவில் எது, மறைவில் எது

கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை விற்கும் ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்காக இணையத்தில் ஒரு குழுமம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ஒருவர் அங்கே வந்து கேட்கிறார்: பில்லில் வரித் தொகை ஒரு மாதிரி வருகிறது, மாதக் கணக்கில் வேறு மாதிரி வருகிறது, ஏன்? கேள்வி புரியட்டும் என்று திரையைப் படமெடுத்தும் ஒட்டிவிடுகிறார். அவருக்குச் சொல்லும் பதில் அதே சிக்கலில் இருக்கும் மற்ற கடைக்காரர்களுக்கும் உதவும். ஆகவே கேள்வி பலரும் பார்க்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும். படத்திலோ அவருடைய வாடிக்கையாளர்களின் பெயர், கைபேசி எண், பாக்கித் தொகை எல்லாம் தெரிகின்றன. அது யார் கண்ணிலும் படக் கூடாதது. ஒரே ஆள், ஒரே நிமிடம், ஒரே பதிவு. அதில் பாதி ஊருக்கு, பாதி உள்ளுக்கு. வணிகத்துக்காகக் குழுமம் கட்டுகிறவர்கள் நிறம், சின்னம், பெயர் என்று நிறைய யோசிக்கிறார்கள். இந்தப் பிரிவினையைத்தான் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். முதலில் பொது இடம் உயிரோடு இருக்க வேண்டும், அடைத்த இடம் அதிலிருந்து கிளைக்க வேண்டும். எதை அடைக்கிறோம், ஏன் அடைக்கிறோம், எத்தனை நாளைக்கு என்ற விதி வெளியில் எல்லாரும் படிக்கும்படி இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவுதான்.

இதற்கான கருவி பழையது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கி 1970களில் பரவிய யூனிக்ஸ் இயங்குதளம், ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகை ஆட்களை வைத்துப் பார்த்தது: உடையவர், ஒரு குழு, மற்ற எல்லாரும். ஒவ்வொரு வகைக்கும் மூன்று உரிமைகள்: படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா. படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1 என்று எண் கொடுத்துக் கூட்டினால், 640 என்ற மூன்று இலக்கத்தில் ஒரு முழுக் கொள்கையே அடங்கிவிடும். உடையவர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம், வெளியாருக்கு ஒன்றுமில்லை. இந்தச் சிக்கனம் அழகானது. ஆனால் ஒரு நிறுவனத்தைச் சுற்றியுள்ள மனிதர்கள் மூன்று வகையில் அடங்குவதில்லை. வாடிக்கையாளர் சில வேளை விற்பனை முகவராகவும் இருப்பார். புதிய பதிப்பைச் சோதிப்பவர் ஊழியராக இருக்க மாட்டார். அதனால் இன்றைய குழும மென்பொருள்கள் ஆளுக்கு ஒன்றோ பலவோ பொறுப்புப் பட்டங்களைக் கொடுத்து, பட்டத்துக்கு அனுமதிகளை இணைக்கின்றன. அவற்றில் ஒன்றான டிஸ்கார்டில் ஓர் உறுப்பினர் ஒரு சேனலைப் பார்க்கலாமா என்பதற்கு எல்லாருக்குமான அடிப்படை அனுமதி, அவர் வைத்திருக்கும் பட்டங்களின் அனுமதி, அந்தச் சேனலுக்கென்று எழுதிய விதிவிலக்கு, அவருக்கென்றே எழுதிய விதிவிலக்கு என்று படிப்படியாகக் கணக்கு நடக்கிறது. ஒரு சேனலில் ஒரு பட்டம் தடுத்து இன்னொரு பட்டம் அனுமதித்தால் அங்கே அனுமதியே ஜெயிக்கும். "முகவர்களுக்குத் தடை" என்று எழுதி நிம்மதியாக இருக்கும் நிர்வாகி, அந்த முகவர்களில் ஒருவர் அந்தச் சேனலில் அனுமதியுள்ள "சோதனையாளர்" பட்டமும் வைத்திருப்பதை மறந்தால், அந்த ஆள் நேராக உள்ளே வந்துவிடுவார். யார் குற்றமும் இல்லை. கணக்கு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

வாசலைப் பூட்டுவதை மென்பொருள்கள் பொதுவாகச் சரியாகவே செய்கின்றன. கசிவு பக்கவாட்டில்தான் வருகிறது. தேடல் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தேடல் வேகமாக நடக்க, எல்லாப் பதிவுகளின் சொற்களையும் முன்கூட்டியே ஓர் அட்டவணையில் போட்டு வைத்திருப்பார்கள். பொது அறையின் சொற்களும் தனி அறையின் சொற்களும் அதே அட்டவணையில் கிடக்கும். ஒருவர் தேடும்போது, கிடைத்த ஒவ்வொரு முடிவுக்கும் இவருக்கு இதைப் பார்க்கும் உரிமை உண்டா என்று திரும்பவும் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையை முடிவுகளைக் காட்டும் இடத்தில் வைத்துவிட்டு, எத்தனை முடிவுகள் என்று எண்ணிச் சொல்லும் இடத்தில் விட்டுவிட்டால் போதும். வெளியாகாத ஒரு பொருளின் பெயரைத் தட்டிப் பார்த்து, அப்படி ஒன்று உள்ளே பேசப்படுகிறது என்று யார் வேண்டுமானாலும் ஊகித்துவிடலாம். மின்னஞ்சல் அறிவிப்பு இன்னும் மோசம். ஒரு பதிவு தவறுதலாகப் பொது அறையில் விழுந்து, இரண்டு நிமிடத்தில் தனி அறைக்கு மாற்றப்பட்டாலும், அதற்குள் அது அத்தனை பேருடைய அஞ்சல் பெட்டிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். பூட்டிய அறையின் பெயரைக் காட்டுவதா, அப்படி ஓர் அறை இருப்பதையே மறைப்பதா என்பதையும் முன்னமே முடிவு செய்ய வேண்டும். பெயரைக் காட்டுவதே நல்லது என்பது என் கருத்து. இருப்பதே தெரியாத அறை ஒருநாள் தெரியவரும்போது உண்டாகும் கசப்பு, பூட்டைப் பார்த்து வரும் வருத்தத்தைவிடப் பெரியது.

கருவியை விட்டு நடந்த கதைக்கு வருவோம். டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1998-இல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற எந்திரப் பொம்மைப் பெட்டியை வெளியிட்டது. கட்டைகளை அடுக்கி, உணரிகளையும் மோட்டார்களையும் இணைத்து, கணினியிலிருந்து நிரல் ஏற்றி ஓட்டும் பொம்மை அது. வந்த சில வாரங்களிலேயே ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஒருவர் அதன் மூளைப் பெட்டியைப் பிரித்து ஆராய்ந்து, உள்ளே அது எப்படி இயங்குகிறது என்பதை இணையத்தில் போட்டுவிட்டார். அதை வைத்து மற்றவர்கள் புதிய நிரல்மொழிகளும் மாற்று இயங்குதளமும் எழுதினார்கள். வழக்குப் போடலாமா என்று லெகோவுக்குள் பேச்சு எழுந்தது. கடைசியில் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அதே ஆண்டில் லெகோ ஆர்வலர்கள் தாங்களாகவே தொடங்கிய லக்நெட் என்ற இணைய இடத்தில், நிறுவனத்தின் தயவில்லாமல், ஆயிரக்கணக்கான பொதுப் பதிவுகள் சேர்ந்தன. யார் உணரியை நன்றாகப் புரிந்தவர், யார் மற்றவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர் என்பதெல்லாம் அங்கே எழுத்தாகவே கிடந்தது. 2004-இல் லெகோ பெரும் நஷ்டத்தில் இருந்தது. மைண்ட்ஸ்டார்ம்ஸின் அடுத்த தலைமுறையை வடிவமைக்கத் தொடங்கியபோது, இப்படிப் பெயர் தெரிந்த ஆர்வலர்கள் நால்வரை அழைத்து, ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கி, இணையத்தில் ஒரு மூடிய அறையில் உட்கார வைத்தது. மோட்டார் எப்படி இருக்க வேண்டும், எத்தனை உணரிகளை இணைக்க முடிய வேண்டும் என்று அங்கே மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. 2006 ஜனவரியில் என்எக்ஸ்டி என்ற அந்தப் புதிய பெட்டி அறிவிக்கப்பட்டபோது, இப்படியொரு குழு இருந்ததையும் லெகோ வெளியே சொன்னது. அடுத்த கட்டச் சோதனைக்கு நூறு பேர் வேண்டும் என்று கேட்டதற்குப் பல ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள்.

இந்தக் கதையை ரகசியக் குழுவின் வெற்றி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அந்த நால்வரை லெகோ எப்படிக் கண்டுபிடித்தது என்று கேட்டால்தான் பாடம் தெரியும். பொது இடத்தில் ஆறு ஆண்டுகள் ஓடிய பேச்சு இல்லாவிட்டால் மூடிய அறைக்குள் யாரை அழைப்பது? விற்பனைப் பட்டியலில் அதிகம் வாங்கியவரை அழைத்திருப்பார்கள். அதிகம் வாங்குபவரும் அதிகம் அறிந்தவரும் ஒருவரேயாக இருக்க வேண்டியதில்லை. உள்ளே நால்வர் சொன்னதைச் சரிபார்க்கவும் வெளியே நடந்துகொண்டிருந்த பேச்சே உரைகல்லாக இருந்திருக்கும். முதலில் மூடிய அறையைக் கட்டி, முக்கிய வாடிக்கையாளர்கள் என்று இருபது பேரை அதில் போடும் நிறுவனங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மௌனம். ஒருவரையொருவர் அறியாதவர்கள், நிறுவனத்தின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, யோசித்து யோசித்து ஒரு வரி எழுதுவார்கள். பிற்காலத்தில் லெகோ ஐடியாஸ் என்று பெயர் பெற்ற இடத்தில் வரிசை இன்னும் தெளிவாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு பொம்மை வடிவத்தை எல்லார் முன்பும் வைக்கலாம். 10,000 பேர் ஆதரவு கிடைத்த பிறகே அது நிறுவனத்தின் மூடிய பரிசீலனைக்குப் போகும். பத்தாயிரம் என்ற அந்த வாசல் எண் எல்லாருக்கும் தெரியும்.

இதற்கு வணிகர்கள் சொல்லும் முதல் மறுப்பு, எல்லாவற்றையும் பொதுவில் வைத்தால் குறைகளை ஊரே பார்க்கும், போட்டியாளரும் பார்ப்பார் என்பது. பார்ப்பார்தான். ஆனால் குறையை எழுத நினைப்பவர் உங்கள் இடத்தில் எழுத முடியாவிட்டால் வேறிடத்தில் எழுதுவார். அங்கே பதில் சொல்ல உங்களுக்கு இடமிருக்காது. எதை மூடுவது என்பதற்குச் சங்கடத்தை அளவுகோலாக வைத்தால் நாளடைவில் எல்லாமே மூடப்பட்டுவிடும். விஷயத்தின் வகையை அளவுகோலாக வைக்க வேண்டும். 1999-இல் அமைந்த அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை இதற்கு நல்ல முன்மாதிரி. போட்டி நிறுவனங்களின் ஊழியர்கள் ஒரே மென்பொருளில் கைவைக்கும் இடம் அது. தொழில்நுட்ப முடிவுகள் அனைத்தும் பொதுவில் எடுக்கப்பட வேண்டும் என்பது அங்கே விதி. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு மூடிய மடற்குழுவும் உண்டு. புதிதாக ஒருவரைச் சேர்க்கலாமா என்ற பேச்சு, பாதுகாப்பு ஓட்டைகள், சட்டச் சிக்கல்கள் போன்றவை மட்டும் அங்கே போகும். ஒருவருடைய தகுதியை அலசி, வேண்டாம் என்று முடிவெடுத்ததை ஊரறியப் பேசினால் அந்த மனிதருக்கு அவமானம். அதற்குத்தான் அந்த மறைவு. திட்டத்தின் தலைவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்பதற்காக இல்லை. அந்தத் திட்டத்தில் இல்லாத அறக்கட்டளை உறுப்பினரும் அந்த மூடிய மடல்களைப் படிக்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூடிய அறைக்குள்ளும் வெளியிலிருந்து ஒரு கண் இருக்கிறது.

பாதுகாப்பு ஓட்டை என்பது மறைவுக்கு நியாயம் கேட்பவர்களின் மிக வலுவான சான்று, அதை ஒப்புக்கொள்கிறேன். திருத்தம் தயாராகும் முன் ஓட்டையை அறிவித்தால் திருடனுக்கு வழி சொன்னதாகும். ஆனால் இங்கும் மறைவை நடத்தும் முறையால் காரியம் எவ்வளவு கெடும் என்பதற்கு மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலி ஓட்டைகளே சாட்சி. 2017 ஜூனில் கூகுளின் ஆய்வாளர்கள் இன்டெல் முதலிய செயலி நிறுவனங்களுக்கு இவற்றைப் பற்றிச் சொன்னார்கள். 2018 ஜனவரி 9 அன்று எல்லாருமாக அறிவிப்பது என்று திட்டம். லினக்ஸ் இயங்குதளத்தின் திருத்தங்களோ பொதுவில்தான் சேர்க்கப்பட வேண்டும். டிசம்பரில் நினைவகத்தைப் பிரித்துவைக்கும் பெரிய மாற்றமொன்று வழக்கத்துக்கு மாறான அவசரத்தில் உள்ளே போவதை வெளியார் கவனித்தார்கள். ஏஎம்டி பொறியாளர் ஒருவர், தங்கள் செயலிக்கு இந்த மாற்றம் ஏன் தேவையில்லை என்று பொது மடலில் எழுதிய விளக்கமே ஓட்டையின் தன்மையைக் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டது. ஜனவரி 3 அன்றே எல்லாம் வெளிவந்தது. இன்டெல் ஒவ்வொரு லினக்ஸ் நிறுவனத்தையும் தனித்தனி அறையில் அடைத்து, ஒருவரோடொருவர் பேச விடாமல் வைத்திருந்தது என்று லினக்ஸ் கருவின் முதன்மைப் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் பின்னர் வெளிப்படையாகவே குறை சொன்னார். அதன் பிறகு 2019-இல் லினக்ஸ்காரர்கள், வன்பொருள் ஓட்டைகளை மறைவில் கையாளும் முறையை எழுதி, லினக்ஸின் பொது ஆவணங்களோடு சேர்த்துவிட்டார்கள். மறையாக்கம் செய்த மடற்குழு எப்படி நடக்கும், யாரைச் சேர்க்கலாம் என்று அதில் இருக்கிறது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது என்றும் அதில் இருக்கிறது. பேச்சு மறைவில் நடக்கும், பேச்சின் விதி எல்லாருக்கும் தெரியும். எந்த வணிகக் குழுமமும் இந்த ஆவணத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. எனக்கு இதுவே அதிகக் கனமுள்ளதாகத் தோன்றுகிறது. இத்தகைய குழுமங்கள் ஆர்வலர்களின் உழைப்பை இலவசமாக உறிஞ்சுகின்றன, மூடிய அறை அந்த உறிஞ்சலுக்குக் கௌரவப் பூச்சு பூசுகிறது என்பது அது. லெகோவின் நால்வருக்குச் சம்பளம் இல்லை; கட்டைகளும் மாதிரிப் பெட்டிகளுமே கூலி. டென்மார்க்குக்குப் போய்வந்த விமானச் செலவும் அவர்களுடையதே. அவர்களில் ஒருவர் லெகோவோடு இணையும் உணரிகளைச் செய்து விற்கும் தொழில் நடத்தியவர். மற்ற உணரித் தயாரிப்பாளர்களுக்குக் கிடைக்காத முன்தகவல் அவருக்குக் கிடைத்திருக்கும். இதை முழுதாகத் தீர்க்கும் வழி எனக்குத் தெரியவில்லை. குறைக்கும் வழி உண்டு: யார் உள்ளே, எவ்வளவு காலத்துக்கு, அவர்களுக்கு என்ன கிடைக்கிறது, அவர்களுடைய சொந்தத் தொழில் என்ன என்பவை பொது இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். லெகோ ஐடியாஸில் வடிவம் தந்தவருக்கு விற்பனையில் ஒரு சதவீதம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அது குறைவு என்று வாதாட முடிவதே அந்த எண் வெளியில் இருப்பதால்தான்.

எத்தனை நாளைக்கு மூடிவைப்பது என்ற காலக்கெடு பற்றி இன்னொரு சான்று. டெபியன் என்ற லினக்ஸ் குழுமம் தன் பயனர்களிடம் குறைகளை மறைக்க மாட்டோம் என்று எழுத்தில் வாக்குக் கொடுத்தது. ஆனால் அதன் உருவாக்குநர்களுக்கு மட்டுமான ஒரு மூடிய மடற்குழு உண்டு. 2005-இல் வாக்கெடுத்து, மூன்று ஆண்டு கடந்த மடல்களைப் படிப்படியாக வெளியிடலாம் என்று முடிவு செய்தார்கள். வேலை நடக்கவில்லை. ஒவ்வொரு மடலையும் யாராவது படித்து, எழுதியவரின் மறுப்பைக் கேட்டு, தனிப்பட்ட செய்திகளை நீக்க வேண்டும்; அதற்கு ஆள் வரவில்லை. 2016-இல் இன்னொரு வாக்கெடுப்பில், அந்த மடற்குழு மூடியதாகவே இருக்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். மறைவில் பேசுகிறோம் என்று நம்பி எழுதியதைப் பின்னால் திறப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகவே திறக்க வேண்டியதை மூடிய அறையில் தொடங்கவே கூடாது. வாரத்துக்கு ஒருமுறை, உள்ளே எடுத்த முடிவையும் காரணத்தையும் ஒருவர் பொது அறையில் நாலு வரியாக எழுதிவிடுவது, மூன்று ஆண்டு கழித்து மடல்களைத் திறப்பதைவிடப் பல மடங்கு எளிது.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கவலை, வாட்ஸ்அப்பில் சேலை விற்பவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். அவருக்கு இன்னும் அவசரமாகத் தேவை. சாதாரண வாட்ஸ்அப் குழுவில் இருநூறு வாடிக்கையாளர்களைச் சேர்த்தால், ஒவ்வொருவருடைய எண்ணையும் மற்ற 199 பேருக்கும் கொடுத்ததாகிறது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஒருவர் எண்ணைச் சேமித்துக்கொண்ட பிறகு குழுவைக் கலைத்தும் பயனில்லை. 2022-இல் வந்த கம்யூனிட்டி வசதியில், அறிவிப்புக் குழுவில் இருப்பவர்களுக்கு மற்ற உறுப்பினர்களின் எண்கள் பொதுவாகத் தெரிவதில்லை, நிர்வாகிக்குத் தெரியும். புதிய சரக்கும் விலையும் திருப்பி எடுக்கும் விதியும் அங்கே போகட்டும். துணி சாயம் போகிறதா, எப்படித் துவைப்பது என்று வாங்கியவர்கள் பேசிக்கொள்ள, விரும்பிச் சேர்பவர்களுக்கு மட்டும் ஒரு குழு இருக்கட்டும்; எண் தெரியும் என்பதைச் சேரும் முன்பே சொல்லிவிட வேண்டும். முகவரி, பணம் கட்டிய ரசீது, அளவு ஆகியவை தனி உரையாடலில் மட்டும். யாராவது குழுவில் ரசீதை ஒட்டினால் நிர்வாகி உடனே அதை நீக்கி, அவரைத் தனியே அழைத்து, அவர் கேட்ட கேள்வியை மட்டும் பெயரில்லாமல் குழுவில் திரும்பப் போட்டுப் பதில் சொல்ல வேண்டும்.