தாமதமாக வரும் துப்பாக்கிச் சத்தம்

கம்பியில்லா இயர்பட்ஸ் வாங்குவோர், பெட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ள, ஒலியை எழுப்பும் டிரைவரின் அளவையும் சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதையும் பார்த்தே பெரும்பாலும் முடிவெடுக்கின்றனர். பாட்டுக் கேட்கவும் கேம் ஆடவும் ஒரே ஜோடியை நம்பியிருப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, செல்பேசியில் புறப்பட்ட ஒலி காதை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரத்தை. பாட்டுக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை; விளையாட்டில் வெற்றி தோல்வியே அதனால் மாறிவிடும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, ஒலி செல்லும் வழியைப் பார்க்க வேண்டும். குறுந்தகட்டின் தரத்தில் ஒரு விநாடி ஸ்டீரியோ இசைக்கு ஏறத்தாழ 14 இலட்சம் பிட்டுகள் தேவைப்படுவதால், அதை அப்படியே அனுப்பாமல், கோடெக் எனப்படும் சுருக்குமுறையால் செல்பேசி முதலில் அதைச் சிறிதாக்குகிறது. பின்னர் சிறு சிறு பொட்டலங்களாக்கி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ப்ளூடூத் வழியே அனுப்புகிறது. வைஃபை ரௌட்டரும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. அந்த நெரிசலைச் சமாளிக்க, வழக்கமான ப்ளூடூத் அந்த அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்து விநாடிக்கு 1600 முறை தடம் மாறுகிறது; அப்படியும் சில பொட்டலங்கள் தொலைந்து மறுபடி அனுப்பப்பட வேண்டியிருக்கும். இந்த இடைவெளியில் பாட்டு அறுபடாமல் இருக்க, இயர்பட் கொஞ்சம் ஒலியைக் கையிருப்பில் வைத்துக்கொண்டே ஒலிக்கத் தொடங்குகிறது. பஃபர் எனப்படும் இந்தக் கையிருப்புதான் தாமதத்தின் பெரும்பகுதி. சாதாரண ஜோடிகளில் மொத்தத் தாமதம் 150 முதல் 250 மில்லி விநாடி வரை இருப்பது வழக்கம்.

காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், 200 மில்லி விநாடித் தாமதம் என்பது ஏறத்தாழ 69 மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். திரையில் பக்கத்து அறையில் நடக்கும் எதிரியின் காலடி ஓசை காதில் விழும்போது அவன் கதவைத் தாண்டி வந்திருப்பான். திரைப்படம் பார்க்கையில் இத்தொல்லை தெரிவதில்லை, ஏனெனில் தாமதத்தை அறிந்த வீடியோ செயலி படத்தையும் அதே அளவுக்குப் பிந்திக் காட்டிச் சரிக்கட்டிவிடுகிறது. விரலின் அசைவுக்கு அந்தக் கணமே பதில் சொல்ல வேண்டிய விளையாட்டில் படத்தைப் பிந்த வைக்க வழியில்லை. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பிஜிஎம்ஐ போன்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டின் பயிற்சிக் களத்தில் சுவரை நோக்கி ஒவ்வொரு குண்டாகச் சுட்டு, முதலில் செல்பேசியின் ஸ்பீக்கரிலும் பிறகு இயர்பட்ஸிலும் கேட்டால், துப்பாக்கி முனையில் நெருப்பு தெரிவதற்கும் சத்தம் வருவதற்கும் உள்ள இடைவெளி உடனே புலப்படும்.

கேமிங் மோட் என்று விற்கப்படுவது, பெரும்பாலும் இந்தக் கையிருப்பைக் குறைக்கும் ஏற்பாடே. தாமதம் குறையும், ஆனால் நெரிசலான இடத்தில் ஒலி அறுபடும் வாய்ப்பு கூடும். ஆகவே இம்மோடைக் கடையிலோ வீட்டின் அமைதியான மூலையிலோ சோதித்துப் பயனில்லை. பத்துப் பேர் வைஃபையில் இருக்கும் விடுதி அறையில் சோதிப்பதே நியாயமான சோதனை. இன்னும் குறைந்த தாமதம் வேண்டுவோர், ப்ளூடூத்தை விட்டுவிட்டு, யுஎஸ்பி துளையில் செருகும் டாங்கிள் வழியே தனி 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் இயங்கும் ஜோடிகளை நாடுகின்றனர்.

இசைப் பக்கம் வந்தால் கோடெக் பற்றிய விளம்பரங்களே மிகுதி. எல்லாக் கருவிகளிலும் இருக்கும் எஸ்பிசி விநாடிக்கு 328 கிலோபிட் வரை வழக்கமாக அனுப்ப, சோனி உருவாக்கிய எல்டாக் 990 வரை செல்லும். ஆண்ட்ராய்டில் அது 2017 முதல் இடம்பெற்றுள்ளது, ஐபோனில் இல்லை. இரு முனைகளிலும் ஒரே கோடெக் இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும் என்பதால், ஐபோன் வைத்திருப்பவர் எல்டாக்குக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

உண்மையில், கோடெக்கைவிட இசையின் தன்மையை அதிகம் மாற்றுவது காதில் பொருத்தும் சிலிகோன் முனையே. டிரைவரின் மெல்லிய சவ்வு தாழ்ந்த சுருதியை எழுப்ப, செவிக்குழாய் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். சிறு கசிவு இருந்தாலும் மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போய், வலந்தலையின் கூர்மை மட்டும் மிஞ்சும். ஒருவரின் இரு காதுகளுமே ஒரே அளவில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதால், வலப்புறம் நடுத்தர முனையும் இடப்புறம் பெரியதும் பொருந்தலாம். விளையாட்டுக்கும் இது முக்கியம்: ஒருபுறம் கசிந்தால் அப்பக்கத்து ஒலி வலுவிழந்து, காலடி எத்திசையில் கேட்கிறது என்ற கணிப்பு மறுபக்கம் சாயும்.

பலரும் தவறவிடுவது மைக். குழுவாக ஆடும்போது மைக் திறந்தவுடன், பழைய முறை ப்ளூடூத் இசைக்கான வழியை மூடி, அழைப்புக்கான வழிக்கு மாறிவிடுகிறது. அங்கே ஒலி ஸ்டீரியோவாக இராமல் ஒற்றைத் தடமாகச் சுருங்க, இடம் வலம் என்ற வேறுபாடே மறைகிறது. சிறந்த ஜோடியும் திடீரெனப் பழைய தொலைபேசிபோல் ஒலிப்பதன் காரணம் இதுவே. 2020-இல் அறிவிக்கப்பட்ட எல்ஈ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறையும் அதன் எல்சி3 கோடெக்கும் இதற்குத் தீர்வு தருகின்றன. ஆனால் செல்பேசி, இயர்பட்ஸ் இரண்டுமே அதை ஏற்க வேண்டும். கேமிங் கன்சோல்களில் நிலைமை இன்னும் கடினம்: 2021-இல் மென்பொருள் புதுப்பிப்பின் மூலம் ப்ளூடூத் ஒலியைப் பெற்ற நின்டெண்டோ ஸ்விட்ச் அவ்வழியே மைக்கை அனுமதிக்கவில்லை, பிளேஸ்டேஷன் 5-இல் ப்ளூடூத் இயர்பட்ஸை நேரடியாக இணைக்கவே இயலாது. அதன் உரிமையாளருக்கு, இயர்பட்ஸ் பெட்டியில் டாங்கிள் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.