கருவிழியில் ஒரு மண் கிருமி

களை எடுக்கும்போது கண்ணில் தெறிக்கும் ஒரு துளி மண் கருவிழியைக் கீறிவிடும். கண் சிவக்கும், உறுத்தும், வெளிச்சத்தில் கூசும். அந்தக் கீறல் வழியே உள்ளே போகும் கிருமிகளில் ஒன்று நோகார்டியா. 1888-இல் மாட்டு நோய் ஒன்றை ஆராய்ந்து இதைக் கண்டறிந்த பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் எட்மோன் நோகாரின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள்.

பாக்டீரியாதான், ஆனால் பூஞ்சையைப் போல இழை இழையாகக் கிளைத்து மெதுவாக வளரும். பூஞ்சைப் புண் என்று எண்ணி நட்டாமைசின் விட்டால் கேட்காது. மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் சில நேரம் மசியாது. வாரங்கள் ஓடிவிடும்.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால், புண்ணின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவு வெண்மஞ்சள் புள்ளிகள் மாலைபோல வளைந்து நிற்கும். எல்லாக் கண்ணிலும் இந்த மாலை தெரியாது என்பதால் சுரண்டிப் பார்த்தே தீர வேண்டும். கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள கருவிழியில், புண்ணின் அடியையும் ஓரத்தையும் சிறு பிளேடால் சுரண்டி ஸ்லைடில் தடவுவார்கள். நோகார்டியாவின் இழை பூஞ்சை இழையைவிட மிக மெல்லியது. காசநோய்க் கிருமிக்கான அதே சாயத்தை ஏற்றி, கடும் அமிலத்துக்குப் பதில் 1% கந்தக அமிலத்தால் கழுவினால், இது சிவப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். கடும் அமிலத்தில் கழுவினால் சாயத்தோடு நோயின் அடையாளமும் போய்விடும். வளர்ப்புத் தட்டில் வறண்ட வெள்ளைத் திட்டுகள் வரப் பல நாளாகலாம். இரண்டே நாளில் தட்டைத் தூக்கி எறியும் ஆய்வகத்தின் கண்ணில் அவை படுவதே இல்லை.

கிருமி இன்னதென்று தெரிந்தால் அமிக்காசின் சொட்டு மருந்து, தொடக்கத்தில் மணிக்கொரு முறை, பிறகு வாரக்கணக்கில். பெரும்பாலும் கேட்கும்.

எனக்குப் பெரிய கவலை, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. சிவப்பு குறையும், கிருமி உள்ளேயே இருக்கும். மருத்துவரின் கண்காணிப்பில் கொடுத்தபோதுகூட நோகார்டியாவில் ஸ்டீராய்டு கெடுதலே செய்தது. மதுரை, கோவை, திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைகளும் அமெரிக்க மையங்களும் சேர்ந்து, பாக்டீரியாப் புண் வந்த 500 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடத்தின. ஆன்டிபயாடிக்குடன் சிலருக்கு ஸ்டீராய்டும் மற்றவர்களுக்கு மருந்தில்லாச் சொட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்ததில், மற்றக் கிருமிகளால் புண் வந்தவர்களுக்கு ஸ்டீராய்டால் பார்வை சற்றே மேம்பட்டிருந்தது. நோகார்டியா வந்தவர்களுக்கோ தழும்பு பெரிதாகியிருந்தது. அரிய கிருமி என்று பாடநூல்கள் சொல்லும் இது, அந்த 500 பேரில் 55 பேரின் கண்ணில் இருந்தது.