மழலையும் கேளிக்கைப் பூங்காவும்

கேளிக்கைப் பூங்கா என்று இன்று வழங்குவது பழைய பொருட்காட்சித் திடலின் வளர்ச்சியேயாகும். ராட்டினமும் மாயக் கண்ணாடியும் மரணக் கிணறும் நிறைந்த திடலுக்கு மதில் எழுப்பி, வாயிலில் ஒரே கட்டணமாக வாங்கிக்கொண்டு, உள்ளே உள்ளவற்றையெல்லாம் ஏதேனும் ஒரு கதையையோ கற்பனை உலகையோ தழுவி அமைத்துவிட்டால் அது ‘தீம் பார்க்’ ஆகிவிடுகிறது. 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனஹைம் நகரில் வால்ட் டிஸ்னி திறந்துவைத்த டிஸ்னிலாந்து இவ்வகைக்கு வழிகாட்டியாயிற்று. நம் நாட்டில் 1984-இல் தில்லி பிரகதி மைதானத்தில் ‘அப்பு கர்’ தோன்றியது. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமாக விளங்கிய யானைக் குட்டியின் பெயரைத் தாங்கிய அந்தப் பூங்கா 2008-இல் மூடப்பட்டது. மும்பையை அடுத்த கொராயில் 1989-இல் எழுந்த எஸ்ஸெல் வேர்ல்டும் 2022-இல் மறைந்தது. ஆயினும் அவற்றின் வாரிசுகள் பல உள்ளன. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் பிடதியருகே 2005 முதல் வொண்டர்லாவும், மும்பை–புணே விரைவுச் சாலையை ஒட்டிக் கொபோலியருகே 2013 முதல் இமேஜிகாவும், ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா செல்லும் வழியில் ராமோஜி திரைப்பட நகரும் குடும்பங்களை ஈர்த்து வருகின்றன.

இவ்விடங்களுக்குக் கைக்குழந்தைப் பருவத்தை அப்பொழுதுதான் கடந்த பிள்ளையோடு முதன்முறையாகச் செல்லக் கருதும் பெற்றோருக்குச் சில செய்திகளைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம். வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊரில் இருந்தால், இரண்டு வயதுக் குழந்தை பாட்டியின் இடுப்பிலிருந்து சித்தியின் இடுப்புக்கும், அங்கிருந்து எதிர்வீட்டு அக்காளின் இடுப்புக்கும் மாறிக்கொண்டே இருக்கும். தாயும் தந்தையும் சிறிது நேரம் கையை வீசி நடக்கலாம். தானேயிலோ ஒயிட்பீல்டிலோ செகந்திராபாத்திலோ குடியிருப்பவர்களுக்கு இருப்பவை நான்கு கைகள் மட்டுமே. அந்த நான்கில் இரண்டு பையைச் சுமக்கும். ஒன்று கைப்பேசியைப் பிடித்திருக்கும். திட்டம் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலாவதாக, ஓர் ஒத்திகை செய்து பார்ப்பது நன்று. பெரிய பூங்காவின் இரைச்சலையும் கூட்டத்தையும் நம் குழந்தை எவ்வாறு எதிர்கொள்ளும் என்பதை அரை நாள் சிற்றுலா ஒன்றே காட்டிவிடும். தில்லியில் உள்ளவர்களுக்குச் சாணக்கியபுரியின் தேசிய ரயில் அருங்காட்சியகமும், ஹைதராபாத்வாசிகளுக்கு நேரு விலங்குக் காட்சிச் சாலையும் உள்ளன. எத்தனை நேரம் நடக்கிறது, எப்பொழுது சிணுங்கத் தொடங்குகிறது, திடீரென ஒலிக்கும் குழாய் ஓசைக்கு அஞ்சுகிறதா என்பவற்றை அங்கே கண்டுகொள்ளலாம். இரண்டே மணி நேரத்தில் களைத்துவிடும் பிள்ளையை எட்டு மணி நேரக் கட்டணத்திற்கு அழைத்துச் செல்வதில் பயனில்லை.

இரண்டாவது, உயரம். பூங்காக்கள் வயதைக் கேட்பதில்லை. வாயிலிலும் ஒவ்வொரு விளையாட்டின் முகப்பிலும் உயரத்தையே அளக்கின்றன. 85 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணமே வாங்காத பூங்காக்கள் உண்டு. இரண்டு வயது நிறைந்த குழந்தையின் சராசரி உயரம் ஏறத்தாழ 86 அல்லது 87 சென்டிமீட்டர். மூன்று வயதில் அது 95 அளவுக்கு வந்துவிடும். ஆகவே ஒரு சென்டிமீட்டர் கூடுதலா குறைவா என்பதே வீட்டுச் செலவைத் தீர்மானிக்கும் நிலை வரலாம். புறப்படுமுன் சுவரோரம் நிறுத்தி அளந்துகொள்க. கட்டணத்திற்காகப் பிள்ளையைக் கூனி நிற்கச் சொல்வோரும், பெரிய விளையாட்டில் ஏற்றுவதற்காகத் தடித்த அடியுள்ள காலணியை மாட்டிவிடுவோரும் உளர். முதலாவது சிறுமை, இரண்டாவது ஆபத்து.

ஏன் ஆபத்து என்பதை விளக்க வேண்டும். ரோலர் கோஸ்டர் போன்ற வண்டிகளில் ஆளைப் பிடித்து நிறுத்துவது மடிமேல் இறங்கும் கம்பியும் தோளை அழுத்தும் பட்டையுமே. அவை வளர்ந்த உடலின் அளவுக்குச் செய்யப்பட்டவை. சிறு உடல் அவற்றின் அடியில் நழுவிவிடும். மேலும், வளர்ந்தவரின் தலை உடல் நீளத்தில் எட்டில் ஒரு பங்கே. இரண்டு வயதுக் குழந்தைக்கோ அது ஐந்தில் ஒரு பங்கு. அத்தகைய கனத்த தலையை இளங்கழுத்துத் தாங்கி நிற்கிறது. வண்டி சட்டெனத் திரும்புகையில் நமக்குக் கிளர்ச்சி தரும் அதே உதறல் அதற்குத் தீங்காகலாம். வாயிற்காப்போர் அளவுகோலைக் காட்டி மறுக்கும்பொழுது அவரோடு வாதாடுவோரைக் காண வருத்தமே உண்டாகிறது. அவர் நம் பிள்ளைக்காகத்தான் அங்கே நிற்கிறார்.

பலர் அறியாத வேறொன்றும் உண்டு. சறுக்குமரத்தில் குழந்தையைத் தனியே விட அஞ்சி, மடியில் வைத்துக்கொண்டு தாமும் சறுக்குவோர் பலர். அன்பினால் செய்யப்படும் இச்செயலால் குழந்தைகளின் கால் எலும்பு முறிவதுண்டு. குழந்தையின் பாதம் பக்கச் சுவரிலோ தரையிலோ சிக்கிக்கொள்ள, பெரியவரின் முழுக் கனமும் கீழ்நோக்கி இழுப்பதால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு திருகப்படுகிறது. தனியே சறுக்கும் குழந்தையின் கால் சிக்கினால் அதன் சொந்தக் கனம் மட்டுமே இழுக்கும், பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே குழந்தைக்கு உரிய சிறு சறுக்கில் அதைத் தனியே விட்டு, நாம் பக்கத்தில் நின்று கையால் தாங்குவதே முறை.

பருவத்தைப் பற்றி அதிகம் கூறவேண்டுவதில்லை. சித்திரை வைகாசியில் ஹைதராபாத்தில் வெயில் 40 பாகையைத் தாண்டும். கொபோலியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதி தாங்கக்கூடியதே. எங்காயினும் பள்ளி விடுமுறையும் ஞாயிறும் தவிர்த்து, வாரத்தின் நடுவில் ஒரு நாளைத் தேர்ந்தால் பாதி இடர் நீங்கும். பிள்ளை இன்னும் பள்ளியில் சேராத காலத்தில்தான் இச்சலுகை நமக்கு உண்டு. ஆண்டுக்கொருமுறை ஊருக்குச் சென்று திரும்பும் பயணத்தோடு இதையும் சேர்த்து முடித்துவிடலாம் என்று எண்ணுவது மட்டும் உசிதமன்று. தில்லியிலிருந்து சென்னைக்கு ஒரு நாளுக்கு மேல் ரயிலில் ஆடிக் குலுங்கி வந்த குழந்தைக்குக் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு வேண்டும்.

அன்றாடக் காலக்கிரமத்தைக் குலைக்காமல் நாளை வகுக்க வேண்டும். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. பகல் உறக்கமும் இதில் அடங்கும். வீட்டில் நண்பகல் ஒரு மணிக்கு உறங்கும் பிள்ளை பூங்காவிலும் அதே நேரத்தில்தான் உறக்கம் கேட்கும். கதவு திறக்கும் வேளையிலேயே உள்ளே சென்று, சிறுவர் பகுதியில் இரண்டு மூன்று விளையாட்டுகளை முடித்து, பன்னிரண்டு மணிக்கு உணவு ஊட்டி, நிழலான இடத்தில் தள்ளுவண்டியைச் சாய்த்து உறங்கவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தில் பெற்றோர் இருவரும் முறை மாற்றிப் பெரிய விளையாட்டுகளில் ஏறி வரலாம். நாற்பது விளையாட்டுகளையும் பார்த்தே தீர்வது என்னும் பிடிவாதம் அந்த நாளைக் கெடுத்துவிடும். உறங்கும் குழந்தையை வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் விட்டுவருவதை மட்டும் ஒருபோதும் செய்யலாகாது. வெயிலில் மூடிய காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 10 பாகை உயர்ந்துவிடும்.

வெளியுணவைப் பெரும்பாலான பூங்காக்கள் அனுமதிப்பதில்லையாயினும், குழந்தை உணவைத் தடுப்பது அரிது. முன்னதாகவே தொலைபேசியில் கேட்டுக்கொள்க. இட்லியும் வாழைப்பழமும் நாள் முழுதும் துணை நிற்கும். தயிர் சோறு வெயிலில் புளித்துவிடும். நீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். அது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அமைந்ததா என்று மேலுறையில் பார்த்து வாங்குக.

மிருக வேடம் பூண்ட ஆட்கள் கைகுலுக்க வருவார்கள். பெரிய தலையும் அசையாத சிரிப்பும் கொண்ட அவ்வுருவத்தைக் கண்டு இவ்வயதுக் குழந்தைகள் அலறுவது இயல்பு. புகைப்படத்திற்காக வலிய அதன் கையில் திணிக்க வேண்டாம். தூரத்திலிருந்து கையசைத்தால் போதும்.

நீர் விளையாட்டுப் பகுதியில் கவனம் இருமடங்கு தேவை. குழந்தை நீரில் மூழ்குகையில் கூச்சலிடுவதில்லை. கைகளை அடித்துக்கொள்வதும் அரிது. ஓசையின்றி, ஓரிரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். கணுக்கால் அளவு நீரும் அதற்குப் போதும். காற்றடைத்த கைப்பட்டைகளை உயிர்காப்பாக நம்புதல் தவறு. அவை விளையாட்டுப் பொருளே. கையெட்டும் தொலைவில் ஒருவர் எப்பொழுதும் நிற்க வேண்டும். சாதாரண டயப்பர் நீரில் ஊதிக் கனத்துவிடும். நீருக்கென்றே விற்கும் வகையை வாங்குக. வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை அன்று குளத்தில் இறக்குவது மற்றவர் பிள்ளைகளுக்கு இழைக்கும் கேடு.

இனி, எல்லாவற்றினும் முக்கியமாக நான் கருதுவது குழந்தை கூட்டத்தில் தவறிவிடுதல். இது எவ்வாறு நேர்கிறது என்பதை ஆராய்ந்தால், பெரும்பாலும் ஒருவரும் அலட்சியமாக இருந்திருக்கமாட்டார்கள். தாய், தந்தை பார்த்துக்கொள்கிறார் என்று எண்ணியிருப்பாள்; தந்தை, பாட்டியிடம் இருக்கிறது என்று எண்ணியிருப்பார்; பாட்டியோ, “என் கையை உதறிக்கொண்டு அப்பாவிடம் ஓடிற்றே” என்பாள். ஆட்கள் கூடக் கூட இவ்வாபத்தும் கூடுகிறது. எனவே மணிக்கணக்கில் பொறுப்பைப் பகிர்ந்து, “இனி நீ பார்த்துக்கொள்” என்று வாய்விட்டுச் சொல்லி, “சரி” என்ற பதிலைக் கேட்ட பின்னரே கண்ணை எடுக்க வேண்டும்.

வெளி மாநிலத்தில் இதற்கு மேலும் ஒரு தொல்லை. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் ‘அம்மா’ என்று அழுதால் எவர்க்கும் புரியும். கன்னடத்திலும் தெலுங்கிலும் அச்சொல் அதுவே. கொபோலியில் காவலர் அதையும் புரிந்துகொள்ளக்கூடும். ஆனால் ‘மம்மு’ வேண்டும், ‘மூச்சா’ வருகிறது என்று விம்மும் குழந்தையை மராத்தி பேசும் அம்மையார் என்ன செய்வார்? அருகில் நின்று அவர் அன்போடு கேட்கும் கேள்வி எதுவும் குழந்தைக்கு விளங்காது. ஆதலால் ஒரு சிறு அட்டையில் அவ்வூர் மொழியிலும் ஆங்கிலத்திலும், ‘இக்குழந்தை தமிழ் மட்டுமே அறியும், இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று எழுதி, பெற்றோர் இருவரின் எண்களையும் குறித்து, சட்டைப்பையின் உட்புறம் ஊசியின்றித் தைத்துவிடுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுதலாகாது. பெயர் சொல்லி அழைக்கும் அந்நியனிடம் குழந்தை எளிதில் சென்றுவிடும். வாயிலில் நுழைந்தவுடன் குழந்தையை, அன்று அணிந்திருக்கும் உடையோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டையின் நிறம் தாய்க்கே மறந்துபோகும்.

தவறிவிட்டதாக அறிந்த கணமே ஒருவர் அவ்விடத்திலேயே நிற்க, மற்றவர் அருகிலுள்ள காவலரிடம் சென்று வெளிவாயிலுக்குச் செய்தி அனுப்பச் சொல்ல வேண்டும். நாமே ஐந்து நிமிடம் தேடிப் பார்ப்போம் என்பது வேண்டாம். நீர்ப்பகுதி அருகிலிருந்தால் தேடுவோர் முதலில் அங்கேயே போக வேண்டும். உதவி போதாதெனில் 112 என்ற அவசர எண்ணும், குழந்தைகளுக்கென நாடெங்கும் இயங்கும் 1098 என்ற எண்ணும் உள்ளன.

இவ்வளவு செலவும் சிரமமும் ஏற்று அழைத்துச் செல்லும் இப்பயணம் குழந்தைக்கு நினைவிருக்குமா என்று கேட்பவர் உண்டு. இராது. மனிதருக்கு எஞ்சி நிற்கும் மிகப் பழைய நினைவுகள் பெரும்பாலும் மூன்று மூன்றரை வயதுக்குப் பிற்பட்டவையே என்று உளவியலார் கூறுகின்றனர். எனவே, ‘குழந்தைக்காகப் போகிறோம்’ என்று சொல்லிக் கடன் வாங்குவது பொருந்தாது. நமக்காகவும் போகிறோம் என்பதை ஒப்புக்கொண்டால் கைக்கு அடங்கிய செலவில் நிற்போம். நாளெல்லாம் வேலையில் இருக்கும் தந்தையை ஒரு முழுப் பகல் தன்னருகில் வைத்திருந்த இன்பம் குழந்தைக்கு அன்றைக்கு மெய்யானதே. கிழிந்த நுழைவுச் சீட்டையும் ஓரிரு படங்களையும் ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு அனுப்பினால், அவர்கள் அதைக் கதையாகச் சொல்லிச் சொல்லியே பிள்ளைக்கு நினைவாக்கிவிடுவார்கள்.

திரும்பும் வேளை பற்றி ஒரு சொல். கதவடைக்கும் நேரத்தில் கூட்டம் முழுதும் ஒருசேர வெளியேறும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஈர உடையை மாற்றி, பாலோ கஞ்சியோ கொடுத்துப் புறப்பட்டுவிடுக. காரில் செல்வோர் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாமல் பின்னிருக்கையில் அதற்குரிய ஆசனத்தில் கட்டி அமர்த்துக. ரயிலில் மும்பை திரும்புவோர்க்குக் கொபோலியே புறநகர் வண்டியின் கடைசி நிலையம். வண்டி அங்கிருந்தே புறப்படுவதால் முன்கூட்டிச் சென்றவர்களுக்குச் சன்னலோர இருக்கை கிடைக்கும். கல்யாணை அடையுமுன் பிள்ளை உறங்கிப்போயிருக்கும்.