காலைக் கவனித்தால் நடை தடுமாறுமா?

ஒரு தாளில் வழக்கம்போல் கையெழுத்துப் போடுங்கள். அடுத்து, பேனா எங்கே வளைகிறது, விரல் எங்கே அழுத்துகிறது என்று ஒவ்வொன்றையும் கவனித்துக்கொண்டே மறுபடி போடுங்கள். இரண்டாவது கையெழுத்து பெரும்பாலும் கோணலாகத்தான் வரும். நன்றாகப் பழகிய செயலில் மனம் வலியத் தலையிட்டால் அதன் ஓட்டம் கெடுகிறது. நடையும் அத்தகைய செயல்தான்.

ஓர் அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் நம் உடல் சற்றே சாய்கிறது. மறு கால் ஊன்றி அதைத் தாங்கிக்கொள்கிறது. கண்களும், உட்செவியின் அரைவட்டக் குழல்களும், பாதத்தின் தோலும், தசைகளும், மூட்டுகளும் உடலின் நிலையை ஓயாமல் தெரிவிக்கின்றன. அதற்கேற்பச் சிறுமூளையும் தண்டுவடமும் தசைகளை இயக்குகின்றன. சிந்திக்கும் பெருமூளைக்கு இதில் வேலை குறைவு. அதனால்தான் நண்பனோடு கதை பேசிக்கொண்டே பள்ளிக்கு நடந்து போக முடிகிறது.

முதுமையில் பார்வை மங்குகிறது, பாதத்தின் உணர்ச்சி குறைகிறது, தசைகள் மெலிகின்றன. இக்குறையை ஈடுகட்டப் பெருமூளை முன்வருகிறது. ஆனால், கவனம் வற்றாத ஊற்றல்ல. ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றொன்றுக்குக் குறையும்.

1997-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். முதியோர் குடியிருப்பில் வாழ்ந்த 58 பேரிடம், நடக்கும்போதே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பேசுவதற்காக நின்றுவிட்டனர். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த 6 மாதங்களுக்குள் கீழே விழுந்தனர்! நின்று பேசியதால் அவர்கள் விழவில்லை. நடைக்கே முழுக் கவனமும் தேவைப்பட்டது என்பதற்கு அது அடையாளம்.

2008-இல் வெளியான ஹாங்காங் ஆய்வு ஒன்று வேறொன்றைக் காட்டியது. முன்பு விழுந்த அனுபவம் உள்ள முதியோர், விழாதவர்களைவிடத் தங்கள் அசைவுகளை அதிகமாகக் கவனிப்பவர்களாக இருந்தார்கள். விழுந்ததால் கவனித்தார்களா, கவனித்ததால் விழுந்தார்களா? இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடும். விழுந்தவருக்கு அச்சம் பிறக்கிறது. அச்சத்தால் எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இறுகி, கால் விறைக்கிறது. பார்வையும் காலடியிலேயே நிற்பதால், நாலடி தள்ளி இருக்கும் வாசற்படி கண்ணில் படுவதில்லை.

இது சிறிய செய்தியன்று. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர்களில் பலர் பழைய நடையைத் திரும்பப் பெறுவதில்லை.

அப்படியானால் முதியவர்கள் கவனமின்றி நடக்கலாமா? கூடாது. கவனம் போகவேண்டிய இடம் பாதை, முழங்கால் அல்ல. "தாத்தா, காலைப் பார்த்து வையுங்கள்" என்று பதறிக் கத்துவதைவிட, "தாத்தா, அந்தத் தூண் வரை போவோம்" என்று துணைக்கு நடப்பது நல்லது. மாடிப்படி இறங்கும் பாட்டியிடம் கேள்வி கேட்காதீர்கள், இறங்கி முடிக்கட்டும். குளியலறையின் ஈரத்தைத் துடையுங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும். மருத்துவரைக் கேட்டு, கால் தசைகளுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளைத் தினமும் செய்யத் துணை நில்லுங்கள். தசைக்கு வலுவும் மனத்துக்குத் துணிவும் வரும்போது, நடையைச் சிறுமூளையிடமே விட்டுவிட்டு அவர்களும் பேசிக்கொண்டே நடக்கலாம்.