"சான்ஸே இல்லை!"

"சான்ஸே இல்லை" என்ற இரண்டு வார்த்தை இல்லாமல் இன்று நம் வீடுகளில் பொழுதே போவதில்லை. தீபாவளிக்கு ரயிலில் இடம் கிடைக்குமா? சான்ஸே இல்லை. பக்கத்து வீட்டம்மா செய்த அதிரசம் எப்படி? அதற்கும் "சான்ஸே இல்லை!"தான். நடக்காததற்கும் அதே வார்த்தை, பிரமாதத்துக்கும் அதே வார்த்தை!

கொஞ்சம் படித்த பிள்ளைகள் "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்பார்கள். நிலா நீலமாகிவிடாது. ஆங்கில மாதம் ஒன்றில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதற்கு அந்தப் பெயர். சுமார் இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை வரும். 2023 ஆகஸ்டில் அப்படி வந்தது. அண்ணாமலையாரைச் சுற்றுகிறவர்களுக்கு அந்த மாதம் இரண்டு பௌர்ணமி கிரிவலம். ஆக, அது அபூர்வம்தானே தவிர, நடக்காதது அல்ல.

நம் பாட்டிமார்கள் இந்த வித்தியாசத்தை அழகாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அபூர்வமாக நடப்பது "அத்தி பூத்தாற்போல". அத்திப்பூ காய்க்குள்ளேயே ஒளிந்து பூப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். நடக்கவே நடக்காதது "முயல் கொம்பு".

பேச்சுத்தானே, இதில் என்ன வந்தது என்கிறீர்களா? எங்கள் கீழ்பென்னாத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷமாகக் குழந்தை இல்லை. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "வைத்தியம் பார்க்காவிட்டால் சான்ஸ் கம்மி" என்றார். பஸ் ஏறி வீடு வருவதற்குள் அது "சான்ஸ் இல்லையாம்" என்றாயிற்று. மாமியார் காதுக்குப் போனபோது "சான்ஸே இல்லையாம்!" பையனுக்கு வேறு இடம் பார்க்கலாமா என்ற பேச்சே கிளம்பிவிட்டது. அந்தப் பெண் அழுதழுது முகம் வீங்கிப் போனாள்.

மூத்த ஓரகத்திதான் துணிந்து அவளை மறுபடி அழைத்துப் போனாள். "டாக்டரம்மா, அத்தி பூத்தாப்பலயா, முயல் கொம்பா? தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்டாளாம். "முயல் கொம்பே இல்லைம்மா. மருந்து சாப்பிட்டால் வாய்ப்பு இருக்கு. வீட்டுக்காரரையும் டெஸ்டுக்கு வரச் சொல்லுங்க, குறை ஆம்பிளைங்க கிட்டயும் இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. வேறு இடம் பார்க்கும் பேச்சு அன்றோடு நின்றது.

சகோதரிகளே, விளையாட்டுப் பேச்சில் எந்த பாஷை வேண்டுமானாலும் வரட்டும். ஆஸ்பத்திரியில் மட்டும் "கம்மியா, இல்லவே இல்லையா? நூறு பேரில் எத்தனை பேருக்குக் குணமாகும்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதிலை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். காதுக்குக் காது மாறும் வார்த்தை, காகிதத்தில் மாறாது.