ஸ்னோவில் கார் ஓட்டப்போறீங்களா? காரை அப்புறம் பார்க்கலாம்... முதல்ல டயரைப் பாருங்க!

கனடாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போன பிள்ளைகள் அங்கே முதன்முதலாக ஒரு கார் வாங்கியதும், வீட்டுக்கு வீடியோ கால் போட்டுச் சுற்றிக் காட்டுவார்கள். "ஸ்னோவுல ஓடுமாடா?" என்று இங்கிருந்து அம்மா கேட்பார். "ஆல் வீல் டிரைவ்மா, மலையே ஏறும்!" என்று பெருமையாகப் பதில் வரும்.

அடுத்து அம்மா கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "ஏறட்டும்... பிரேக் போட்டா நிக்குமா?"

பனிக்காலத்தில் ஒரு கார் பாதுகாப்பானதா என்பதை முடிவு செய்வது அந்த இரண்டாவது கேள்விதான். அதற்கான விடை இன்ஜினிலோ காரின் விலையிலோ இல்லை. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு ரப்பர் வளையங்களில் இருக்கிறது. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடும் இடம் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுதான். ஒன்றரை டன் எடையுள்ள காரும், அதற்குள் இருக்கும் குடும்பமும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் போகிறார்கள்.

ஓடுவது வேறு... நிற்பது வேறு!

பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே ஒரு சின்னக் கணக்கு போடலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், காய்ந்த தார் ரோட்டில் பிரேக் போட்டால் சுமார் 14 மீட்டரில் நின்றுவிடும். அதே வேகத்தில், வண்டிகள் ஏறி இறங்கி இறுகிப்போன பனியில் சுமார் 50 மீட்டர் தேவைப்படும். ரோட்டில் தண்ணீர் உறைந்து ஐஸாகக் கிடந்தால் 100 மீட்டர்கூட ஆகலாம். டயரைப் பொறுத்து இது கூடும், குறையும். டிரைவர் சுதாரித்து பிரேக்கில் கால் வைக்கும் அந்த ஒரு விநாடியில் வண்டி ஓடும் 14 மீட்டர் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இதே கணக்கில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், நிற்கத் தேவையான தூரம் கால்வாசியாகக் குறைந்துவிடும். ஐஸில் 50 கி.மீ வேகத்துக்கு 100 மீட்டர் என்றால், 25 கி.மீ வேகத்துக்கு 25 மீட்டர் போதும். காசு செலவில்லாத பாதுகாப்பு இதுதான்.

இன்னொரு விஷயம் பலருக்கும் ஆச்சர்யம் தரும். மைனஸ் 20 டிகிரியில் இருக்கும் ஐஸைவிட, 0 டிகிரியை ஒட்டி இருக்கும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். மேலே மெல்லிய நீர்ப்படலம் இருப்பதே காரணம். 'இன்னிக்குக் குளிர் கம்மிதானே' என்று நினைக்கும் நாள்தான் ஆபத்தான நாள்!

ரப்பருக்கும் குளிரும்

வெயில் காலத்துக்கான டயரின் ரப்பர், குளிர் ஏற ஏற இறுகும். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனாலே அதன் பிடிப்பு குறையத் தொடங்கிவிடும் என்பது டயர் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதாவது, வின்டர் டயர் தேவைப்பட ஸ்னோ விழுந்தே ஆகவேண்டும் என்பதில்லை. வெறும் குளிரே போதும்.

வின்டர் டயரின் ரப்பர் கலவை, கடுங்குளிரிலும் மிருதுவாக இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. அதன் கட்டைகளில் பிளேடால் கீறியதுபோல ஆயிரக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். டயர் உருளும்போது இவை விரிந்து, ஐஸின் மேலிருக்கும் நீர்ப்படலத்தை விலக்கி, விளிம்புகளால் கவ்விப்பிடிக்கும். பெரிய பள்ளங்கள் ஸ்னோவை உள்ளே வாங்கி இறுக்கிக்கொள்ளும். கையில் பனியை உருட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது அல்லவா? அதேபோல டயருக்குள் இருக்கும் பனி, ரோட்டில் இருக்கும் பனியைப் பிடித்துக்கொள்கிறது.

'ஆல் சீசன்' என்றால் எல்லா சீசனுமா?

புதிதாகப் போனவர்கள் ஏமாறும் இடம் இது. கனடாவில் விற்கப்படும் பெரும்பாலான கார்களில் 'ஆல் சீசன்' டயர்கள்தான் இருக்கும். பெயரைப் பார்த்தால் ஆண்டு முழுக்கப் போதும் என்றுதான் தோன்றும். ஆனால், கனடாவின் கடும் பனிக்காலத்துக்கு அது போதாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். மூன்று சிகரங்கள் கொண்ட ஒரு மலைப் படம், அதற்குள் ஒரு பனிப்பூ. இந்தச் சின்னம் இருந்தால், அந்த டயர் பனிக்கான சோதனையில் தேறியிருக்கிறது என்று அர்த்தம். வெறும் 'எம் ப்ளஸ் எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால், அது சேற்றுக்கும் பனிக்குமான பள்ளங்களின் வடிவத்தைத்தான் குறிக்கும். சோதனையில் தேறியதற்கான அத்தாட்சி அல்ல.

'ஆல் சீசன்' போலவே ஒலிக்கும் 'ஆல் வெதர்' என்று ஒரு ரகமும் உண்டு. அதில் மலைச் சின்னம் இருக்கும். ஆண்டு முழுக்கக் கழற்றாமல் ஓட்டலாம். பனி அளவோடு விழும் நகரங்களில் இது நல்ல சமரசம். ஆனால், ஐஸும் கடுங்குளிரும் மாதக்கணக்கில் நீடிக்கும் ஊர்களில் முழுமையான வின்டர் டயர்தான் மேல். வட அமெரிக்காவில் அந்தச் சின்னத்துக்காக நடக்கும் சோதனை, பனியில் டயரின் இழுவையை அளக்கிறது. ஐஸில் பிரேக் பிடிப்பதை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். 2008-ல் வந்த சட்டம் இது. ஈழத்தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோவும் மார்க்கமும் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கட்டாயம் இல்லை. ஆனால், வின்டர் டயர் மாட்டியவர்களுக்கு இன்ஷூரன்ஸில் தள்ளுபடி தரவேண்டும் என்ற விதி 2016 முதல் இருக்கிறது. டயர் மாற்றியதும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு போன் போடுங்கள்.

'ரெண்டு செட் டயருக்கு எங்கே போறது?' என்று தயங்கவேண்டாம். ஒரு செட் ஓடும்போது இன்னொரு செட் தேயாமல் ஓய்வெடுக்கிறது. இரண்டுமே கூடுதல் ஆண்டுகள் உழைக்கும். செலவு முன்கூட்டியே வருகிறது, அவ்வளவுதான். பழைய டயர் வாங்கினால் பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள். 4 மில்லிமீட்டரை நெருங்கிவிட்ட டயர் பனிக்கு உதவாது.

காசை மிச்சம் பிடிக்க இரண்டு மட்டும் வாங்கி முன்னால் மாட்டுவது தப்புக்கணக்கு. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் வண்டியே சுழன்றுவிடும். மாட்டினால் நான்கும் மாட்டுங்கள்.

எந்தக் கார் எப்படி?

ஃப்ரன்ட் வீல் டிரைவ்: சிவிக், கொரோலா போன்ற கார்கள். இன்ஜினின் எடை, வண்டியை இழுக்கும் முன்சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் கிளம்பும்போது நல்ல பிடிப்பு கிடைக்கும். நல்ல வின்டர் டயர் மாட்டினால், நகரப் பயன்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். வளைவில் வேகமாகப் போனால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே வழுக்கிப் போகப் பார்க்கும்.

ரியர் வீல் டிரைவ்: பழைய சொகுசு கார்கள், பிக்கப் வண்டிகளில் பார்க்கலாம். பின்பக்கம் எடை குறைவாக இருப்பதால் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலும் வால் ஒருபக்கமாக இழுக்கும். பிக்கப் வைத்திருப்பவர்கள் பின்னால் மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஓட்டுவதற்கு இதுதான் காரணம். புதியவர்களுக்கு ஏற்ற ரகம் இல்லை.

ஆல் வீல் டிரைவ், ஃபோர் வீல் டிரைவ்: நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போவதால் சிக்னலில் சட்டெனக் கிளம்பும், மேட்டில் சிரமமில்லாமல் ஏறும், பனிக்குவியலிலிருந்து வெளியே வரும். ஆனால், எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இருக்கிறதே! ஆகவே, நிற்கும்போது இதற்குத் தனிச் சலுகை கிடையாது. எளிதாகக் கிளம்பிவிடுவதால், 'ரோடு நல்லாத்தான் இருக்கு' என்ற பொய்யான தைரியத்தையும் கொடுத்துவிடும். சாதாரண டயர் மாட்டிய விலையுயர்ந்த எஸ்.யூ.வி-யைவிட, வின்டர் டயர் மாட்டிய சின்னக் கார் பனியில் முன்னதாக நிற்கும்.

மின்சார கார்: 2024-ல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் 10-ல் கிட்டத்தட்ட 9 மின்சார கார்கள். கடும் பனி விழும் நாட்டிலேயே இந்த நிலை என்றால், 'குளிருக்கு ஆகாது' என்ற பேச்சு எவ்வளவு தூரம் சரி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி அடியில் இருப்பதால் வண்டி தாழ்வாக உட்காரும். சக்கரம் வழுக்கத் தொடங்கினால் மோட்டார் நொடிப்பொழுதில் சக்தியைக் குறைத்துவிடும். குறைகளும் உண்டு. குளிரில் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். எடை அதிகம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் தானாக பிரேக் பிடிக்கும் வசதி, ஐஸில் சக்கரத்தை வழுக்கவைக்கலாம். 'ஸ்னோ மோடு' இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

அகல டயர் கம்பீரமாகத் தெரியும். ஆனால், ஸ்னோவின் மேலே அது மிதக்கப் பார்க்கும். ஒல்லியான டயர் பனியைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கிப் பிடிக்கும். கார் கம்பெனி அனுமதிக்கும் அளவுகளில் ஒல்லியானதையே பனிக்காலத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆணி டயரும் சங்கிலியும்

பனிக்கான டயரை உலகுக்குத் தந்த நாடுகளில் முன்னோடி ஃபின்லாந்து. இன்றைய நோக்கியன் டயர்ஸின் முன்னோடி நிறுவனம், 1934-ல் லாரிகளுக்கான வின்டர் டயரைத் தயாரித்தது. அங்கே இன்றும் உலோக ஆணிகள் பதித்த டயர்கள் சாதாரணம். வெறும் ஐஸில் அவற்றின் பிடிப்பே தனி.

ஆனால், அந்த ஆணிகள் பனி இல்லாத ரோட்டையும் சுரண்டும். ஜப்பானின் வடபகுதி நகரங்களில் இப்படிக் கிளம்பிய தூசு பெரிய சுகாதாரப் பிரச்னையானது. 1990-ல் ஆணி டயருக்கு எதிராகத் தனிச்சட்டமே போட்டார்கள். ஆணியில்லாமலே ஐஸைப் பிடிக்கும் டயர்களில் ஜப்பான் நிறுவனங்கள் தீவிரமாக இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். கனடாவிலும் ஊருக்கு ஊர் விதி மாறும். ஒன்டாரியோவின் வடபகுதியில் வசிப்பவர்களுக்கு ஆணி டயர் அனுமதி உண்டு. டொரன்டோ இருக்கும் தென்பகுதியில் வசிப்பவர்களுக்குக் கிடையாது.

வெளிநாடு போகாமலே ஸ்னோ பார்க்க மணாலிக்கும் குல்மார்க்குக்கும் போகும் நம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். பனி விழும் நாள்களில் மணாலியிலிருந்து சோலாங் தாண்டி அடல் சுரங்கப்பாதைக்குப் போகும் வழியிலும், டங்மார்க்கிலிருந்து குல்மார்க் ஏறும் வழியிலும், ஃபோர் வீல் டிரைவ் அல்லது சங்கிலி மாட்டிய வண்டிகளை மட்டுமே போலீஸார் அனுமதிப்பது வழக்கம். டெல்லியில் வாடகைக்கு எடுத்த காரில் ஊட்டி கொண்டை ஊசி வளைவு ஓட்டிய அனுபவத்தை நம்பி ஏறவேண்டாம். அங்கிருக்கும் உள்ளூர் டாக்ஸியை அமர்த்திக்கொள்ளுங்கள். சங்கிலி மாட்டிக்கொடுத்தால், இன்ஜின் சக்தி போகும் சக்கரங்களில்தான் அது இருக்கவேண்டும். மெதுவாகத்தான் ஓட்டவேண்டும். பனி இல்லாத ரோடு வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஸ்டீயரிங் பிடிக்கும்போது...

* கண்ணாடி, விளக்கு, கூரை என எல்லா இடத்திலும் பனியைத் துடைத்துவிட்டே கிளம்புங்கள்.

* வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தாலே டயரில் சுமார் 1 பி.எஸ்.ஐ காற்று குறையும். அடிக்கடி அளந்து பாருங்கள்.

* பாலங்கள்தான் முதலில் உறையும். கீழேயும் காற்று போவதே காரணம். ரோடு வெறும் ஈரமாகத் தெரிந்தாலும், அது கண்ணுக்குத் தெரியாத ஐஸாக இருக்கலாம்.

* குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். பிரேக், ஆக்ஸிலரேட்டர், ஸ்டீயரிங் மூன்றையும் மெதுவாகவே கையாளுங்கள்.

* ஏ.பி.எஸ் பிரேக் அதிரும்போது பயந்து காலை எடுக்காதீர்கள். புதுப்பனியில் அது நிற்கும் தூரத்தைக் கூட்டக்கூடும். ஆனால், ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்கும்.

* வண்டி வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, எங்கே போகவேண்டுமோ அந்தத் திசையைப் பார்த்து நிதானமாகத் திருப்புங்கள்.

பனியில் மாட்டிக்கொண்டால்?

2022 ஜனவரியில், பாகிஸ்தானின் மலைவாசஸ்தலமான முரீயில் ஸ்னோ பார்க்கப்போன சுற்றுலாப் பயணிகளின் கார்கள் பனிப்புயலில் சிக்கிக்கொண்டன. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. குளிர் மட்டுமல்ல, காருக்குள் சேர்ந்த கார்பன் மோனாக்ஸைடு வாயுவும் காரணமாகச் சொல்லப்பட்டது.

வண்டி நின்றபின் சுற்றிலும் பனி ஏறினால் சைலன்ஸர் குழாய் அடைபட்டுவிடும். ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டால் புகை உள்ளேயே திரும்பும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருவதுபோல இருக்கும், அவ்வளவுதான். எனவே, முதலில் குழாயைச் சுற்றியுள்ள பனியை விலக்குங்கள். மணிக்கு 10 நிமிடம் மட்டும் இன்ஜினை ஓடவிடுங்கள். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவையுங்கள். காரை விட்டு இறங்கி, வழி தெரியாமல் நடக்காதீர்கள். கம்பளி, தண்ணீர், சாப்பிட ஏதாவது, டார்ச், சின்ன மண்வாரி, போன் சார்ஜர் ஆகியவை பனிக்காலம் முழுக்க வண்டியிலேயே இருக்கட்டும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர், அக்டோபர் மாதமே ஒரு போன் போட்டு "டயர் மாத்திட்டியாப்பா?" என்று கேட்டுவிடுங்கள். முதல் ஸ்னோ விழுந்த மறுநாள் டயர் கடைகளில் இடம் கிடைப்பது கஷ்டம். "டயர் பக்கவாட்டுல மலைப் படம் இருக்கா, போட்டோ எடுத்து அனுப்பு" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.