அருகிவரும் அரைக்குழாய்கள்

கால்வாய் வேலைக்காகத் தெருவோரம் இறக்கி வைத்திருக்கும் பெரிய சிமெண்டுக் குழாய்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானம் பார்த்தபடி மலைச்சரிவில் படுக்க வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் நீளம் சுமார் 200 மீட்டர். இருபக்கச் சுவர்களும் இரண்டு மாடி வீட்டின் உயரம். நடுவே சற்றுத் தட்டையான தரை. அத்தனையும் சிமெண்டினால் அல்ல, பனியினால் ஆனவை. பனிச்சறுக்கு விளையாட்டில் 'அரைக்குழாய்' எனப்படும் களம் இதுவே.

இரு பாதங்களையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொண்ட வீரர் ஒரு சுவரில் வழுக்கி இறங்குகிறார், எதிர்ச்சுவரில் ஏறுகிறார், விளிம்பையும் தாண்டி வானில் எழும்பிக் கரணம் அடித்து, அதே சுவரில் வந்து இறங்குகிறார். 1998இல் ஜப்பானின் நாகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் முதல் இது பதக்கப் போட்டியாக உள்ளது. ஆனால் இந்தப் புகழுக்கு நடுவே ஒரு விந்தை! அமெரிக்காவின் பனிச்சறுக்கு மலைகள் பலவற்றில் ஒரு காலத்தில் இருந்த அரைக்குழாய்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டுவிட்டன. முழு அளவுக் களங்கள் இன்று அரிதாகிவிட்டன. ஏன்?

எங்கள் சங்கராபுரத்தை அடுத்த கல்வராயன் மலையில் மார்கழியில் பனிமூட்டம் உண்டு. சறுக்கி விளையாடப் பனித்தரை ஏது? ஆயினும் இக்கேள்விக்கு விடை காண நாம் பனிமலைக்குப் போக வேண்டியதில்லை. பள்ளியில் படிக்கும் இயற்பியலும் கொஞ்சம் கணக்கும் போதும்.

ஊஞ்சல் தத்துவம்

யாரும் தள்ளிவிடாமலே ஊஞ்சலில் உயர உயரச் செல்ல உங்களுக்குத் தெரியும். முனைகளில் முழங்காலை மடக்கித் தாழ்கிறீர்கள். அடிப்பகுதியைக் கடக்கும்போது நிமிர்ந்து நிற்கிறீர்கள். அடிப்பகுதியில் வேகம் மிகுதி. ஆகவே உடலைக் கீழ்நோக்கி அழுத்தும் பாரமும் மிகுதி. அதை எதிர்த்து எழும்போது கால் தசைகள் செய்யும் வேலை ஊஞ்சலின் ஆற்றலோடு சேர்கிறது. அரைக்குழாய் வீரரும் வளைவில் ஏறும்போது மடக்கிய காலை நிமிர்த்தி இதையேதான் செய்கிறார். களம் ஏறத்தாழ 18 பாகை சரிந்திருப்பதால், உராய்வில் இழந்த ஆற்றலைப் புவியீர்ப்பும் ஓரளவு ஈடுசெய்கிறது.

சுவர் ஏன் வளர்ந்தது?

1976–77இல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. சக்கரப் பலகை விளையாடும் சிறுவர்கள் அக்குளங்களின் வளைந்த சுவர்களில் ஏறி இறங்கிப் பழகினார்கள். அந்த வித்தை விரைவிலேயே பனிக்கும் வந்தது. அதே மாநிலத்தின் டாஹோ ஏரிப் பகுதியில் இயற்கையாக அமைந்த ஒரு பள்ளமே முதல் அரைக்குழாய்களில் ஒன்று. பின்னர் மண்வாரிகளால் பனியை வெட்டிக் களம் அமைத்தார்கள். 1990களில் சுவரை வளைவாகச் சீவும் இயந்திரங்கள் வந்தன. நாகானோவில் சுமார் மூன்றரை மீட்டராக இருந்த சுவர், 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் 22 அடியை, அதாவது 6.7 மீட்டரை எட்டியது.

இந்த வளர்ச்சி வெறும் ஆடம்பரம் அன்று. சுவரின் வளைவு கால்வட்டம் என்றும், அதன் ஆரம் சுவரின் உயரத்துக்குச் சமம் என்றும் கொள்வோம். விளிம்பிலிருந்து இறங்கியவர் அடிக்கு வரும்போது,

வேகத்தின் வர்க்கம் = 2 × புவியீர்ப்பு முடுக்கம் × இறங்கிய உயரம்.

மையநோக்கு முடுக்கம் = வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம்.

உயரமும் ஆரமும் சமமாதலால் ஒன்றையொன்று அடித்துவிடலாம். விடை, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 2 மடங்கு. சொந்த எடையையும் சேர்த்தால் கால்கள் தாங்குவது 3 மடங்கு எடை. சுவர் சிறிதானாலும் பெரிதானாலும் இதே 3 மடங்குதான்!

இப்போது வீரர் விளிம்புக்கு மேல் 5 மீட்டர் எழும்பி இறங்குகிறார் என்போம். மூன்றரை மீட்டர்ச் சுவரில் அவர் இறங்கும் உயரம் எட்டரை மீட்டர். கால்கள் தாங்குவது ஏறத்தாழ 6 மடங்கு எடை. 7 மீட்டர்ச் சுவரிலோ இறங்கும் உயரம் 12 மீட்டரானாலும், வளைவு பெரிதாதலால் பாரம் நாலரை மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 350 கிலோவுக்கும் 265 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு. உயரப் பறப்பவருக்குப் பெரிய சுவரே இதமானது.

நான்கு மடங்குப் பனி

சுவரை இருமடங்கு உயர்த்தினால் பனியும் இருமடங்கு போதுமா? போதாது. குறுக்குவெட்டின் பரப்பு உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், அதே நீளக் களத்துக்கு நான்கு மடங்கு வேண்டும்.

தோராயமாகக் கணக்கிடுவோம். சுவர் 7 மீட்டர் உயரம். வெளிப்புறம் 45 பாகைச் சரிவு. உட்புற வளைவு நிரப்பும் பரப்பு சுமார் பத்தரைச் சதுர மீட்டர், வெளிச்சரிவின் முக்கோணம் இருபத்து நாலரை, ஆக 35. இரு சுவர்களுக்கும் 70. நீளம் 200 மீட்டர் என்றால் 14,000 கன மீட்டர் பனி! இறுகிய பனியின் அடர்த்தி நீரில் பாதி என்று கொண்டால், அதில் அடங்கிய தண்ணீர் 70 லட்சம் லிட்டர். 10,000 லிட்டர் லாரிகளில் 700 நடை. மூன்றரை மீட்டர்ச் சுவருக்கோ 175 நடையே போதும்.

வானம் இவ்வளவையும் ஒரே இடத்தில் கொட்டாது. ஆகவே இயந்திரங்கள் தண்ணீரை நுண்துளிகளாகக் குளிர்காற்றில் பீய்ச்சிப் பனியாக்குகின்றன. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத் துளியின் ஒரு பகுதி ஆவியாகி, எஞ்சியதைக் குளிரவைத்து உறையச் செய்கிறது. காற்று ஈரமாகவோ வெதுவெதுப்பாகவோ இருந்தால் இது எளிதில் நடவாது.

பனியைக் குவித்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. விளிம்பு சற்று உருகினாலும் வளைவு கெட்டுவிடும். அடிக்கடி சீவிச் சரிசெய்ய இயந்திரமும் கைதேர்ந்த ஓட்டுநரும் வேண்டும். 2014இல் ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக்கில் வெப்பம் கூடியதால் களத்தின் அடித்தரை மென்மையாகிக் குண்டும் குழியுமாகிவிட்டது என்று வீரர்கள் குறைகூறினர். நம் நாட்டிலும் 2025 பிப்ரவரியில் காஷ்மீரத்துக் குல்மார்க்கில் நடக்கவிருந்த குளிர்கால விளையாட்டுப் போட்டிகள், போதிய பனி இல்லாததால் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. சாதாரணச் சறுக்குதளத்துக்கே பனி போதாதபோது, 7 மீட்டர்ச் சுவருக்கு எங்கே போவது?

யாருக்காக இந்தச் சுவர்?

7 மீட்டர் இறங்கினாலே வேகம் மணிக்கு 42 கிலோமீட்டரைத் தொடும். தேர்ந்தவருக்கே ஆபத்தான இடம் இது. கனடாவின் புகழ்பெற்ற வீராங்கனை சாரா பர்க், 2012 ஜனவரியில் அமெரிக்காவின் பார்க் சிட்டியில் அரைக்குழாய்ப் பயிற்சியின்போது விழுந்து, சில நாட்களில் உயிரிழந்தார். புதிதாகக் கற்பவர் இத்தகைய சுவரை அண்ண அஞ்சுவது இயல்பே.

செலவு நான்கு மடங்கு, பயன்படுத்துவோரோ சிலர். மலை விடுதி நடத்துபவர் என்ன செய்வார்? அதே பனியைக் கொண்டு சிறு மேடுகளும் தாவுதளங்களும் அமைத்தால் சிறுவர் முதல் பெரியவர் வரை பலரும் வருவார்கள். அப்படித்தான் பல விடுதிகள் செய்தன. தாவுதளப் போட்டிகளும் 2014இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவிட்டன.

வருந்தத்தக்கது பெரிய சுவர்கள் குறைந்தது மட்டுமன்று. கற்றுக்கொள்ள உதவும் சிறிய சுவர்களும் கூடவே குறைந்துவிட்டன. சிறிய சுவர் இல்லையேல் நாளைய வீரர் எங்கே பழகுவார்? இதற்கு வழி இல்லாமல் இல்லை. கோடையிலேயே மண்ணைக் குழாய் வடிவில் வெட்டிவைத்தால், மேலே ஒரு படலம் பனி போதும். நாலில் ஒரு பங்குப் பனியில் சிறு களம் ஒன்றையும் அமைக்கலாம்.

மாணவர்களே, ஒரு பொருளைப் 'பெரிதாக்குவோம்' என்று யாராவது சொன்னால், நீளம் வளர்கிறதா, பரப்பு வளர்கிறதா, பருமன் வளர்கிறதா என்று கேளுங்கள். உங்கள் ஊர் மேல்நிலை நீர்த்தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கினால் அதன் தூண்கள் எத்தனை மடங்கு நீரைச் சுமக்க வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள்.